டிராக்டர் முன்புற லோடரில் ஃப்ளோட்: எப்போது போடுவது, எப்படி ஓட்டுவது

முன்புற லோடர் பொருத்திய டிராக்டரில் ஏறுகிறவர்கள் முதலில் பழகுவது நான்கு அசைவுகள். பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்கும் இரண்டு கைகளை, ஏற்றுவது, இறக்குவது, பக்கெட்டின் விளிம்பு மேலே வரும்படி மடக்குவது, கீழே வரும்படி கவிழ்ப்பது. இந்த நாலும் கைக்கு வந்துவிட்டால் லோடர் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் லிவரில் இன்னொரு நிலையும் இருக்கிறது. இறக்கும் பக்கமாக லிவரைத் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் கொஞ்சம் இறுக்கம் கொடுக்கும். அதையும் தாண்டித் தள்ளினால் 'டக்' என்று போய் உட்காரும். கையை எடுத்தாலும் திரும்பி வராது. அதுதான் ஃப்ளோட்.

தரை நிரவுவது, முற்றம் வழிப்பது, ஜல்லியைப் பரப்புவது எல்லாம் இந்த ஒரு நிலையால் பாதிக்குப் பாதி சுலபமாகிவிடும். அதைத் தொடாமலே வருஷக்கணக்கில் ஓட்டி, தரையெல்லாம் மேடும் பள்ளமுமாக ஆக்கிவிட்டு, 'லோடரால் மட்டம் பண்ண முடியாது' என்று முடிவுகட்டியவர்கள் நிறைய. லோடரால் முடியும். அதற்கு முதலில் பூமின் உயரத்தைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டும் பழக்கத்தை விட வேண்டும். ஃப்ளோட்டில் உயரத்தைத் தரை பார்த்துக்கொள்ளும். உங்கள் கையில் மிஞ்சுவது பக்கெட்டின் சாய்வு மட்டும்தான். அந்தச் சாய்வைச் சரியாக வைக்கத் தெரிந்துகொள்வதுதான் இந்த வழிகாட்டியின் முக்கால் பங்கு.

உள்ளே என்ன நடக்கிறது

பூமைத் தூக்கும் இரண்டு சிலிண்டர்களிலும் பிஸ்டனுக்கு இருபுறமும் ஆயில் இருக்கும். ஏற்றும்போது பம்ப் ஒரு புறத்தில் ஆயிலை அழுத்தி அனுப்ப, மறுபுறத்து ஆயில் டேங்குக்குத் திரும்புகிறது. இறக்கும்போது இதுவே தலைகீழாக நடக்கிறது. லிவர் நியூட்ரலில் இருந்தால் இரண்டு வழியும் அடைபட்டு, பூம் இருந்த இடத்திலேயே நிற்கும். ஃப்ளோட்டில் வால்வு இரண்டு புறத்தையும் டேங்குக்குத் திறந்துவிடுகிறது. பம்பின் அழுத்தம் சிலிண்டருக்குப் போவதில்லை; ஆயில் இரண்டு பக்கமும் தாராளமாகப் போய்வரலாம். அதனால் பூமைத் தரை மேலே தள்ளினால் மேலே போகும், தரை இறங்கினால் தன் எடையால் தானும் இறங்கும்.

இதில் பலர் தடுமாறும் இடம் 'இறக்கு' என்ற சாதாரண நிலைதான். பின்பக்கம் மூன்று புள்ளி இணைப்பில் மாட்டும் கலப்பை பொதுவாகத் தன் எடையில்தான் இறங்கும். ஹைட்ராலிக் அதை மேலே தூக்க மட்டும் செய்யும். அந்தப் பழக்கத்தில் லோடரும் அப்படியே என்று நினைத்துவிடுகிறோம். லோடர் அப்படி இல்லை. இறக்கு என்றால் அது பம்பின் பலத்தோடு கீழ்நோக்கி அழுத்துகிறது. பக்கெட் தரையைத் தொட்ட பிறகும் லிவரைப் பிடித்திருந்தால் டிராக்டரின் முன்பக்கமே தூக்கிக்கொள்ளும்.

இதை ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள். மட்டமான இடத்தில் பக்கெட்டைத் தரையில் வைத்து, இருக்கையில் உட்கார்ந்தபடியே முன் டயரின் பக்கவாட்டைக் கவனியுங்கள். சாதாரணமாகத் தரையை ஒட்டி டயர் லேசாகப் பிதுங்கியிருக்கும். லிவரை இறக்கும் பக்கம் மெதுவாகத் தள்ளுங்கள். அந்தப் பிதுக்கம் குறைந்து, டயர் நிமிரும். இன்னும் தள்ளினால் சக்கரம் தரையை விட்டே எழும்பும். இப்போது லிவரை மெல்ல ஏற்றும் பக்கம் கொண்டுவந்து சக்கரத்தைத் திரும்ப உட்காரவைத்துவிட்டு, ஃப்ளோட் போடுங்கள். டயர் முழுசாகப் பிதுங்கிய பழைய நிலைக்கு வந்து நிற்கும். முன் டயரில் எடை இல்லாமல் ஸ்டியரிங் வேலை செய்யாது. நான்கு சக்கர டிரைவ் இருந்தாலும் காற்றில் நிற்கும் சக்கரம் இழுக்காது. பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் பின் சக்கரங்களுக்கு மட்டும்தான் என்பதையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். தரையை அழுத்திக்கொண்டே ஓட்டுவது ஏன் ஆபத்து என்று புரிந்துவிடும்.

கையால் ஏன் சமாளிக்க முடியாது

'ஃப்ளோட் எதற்கு, நானே லிவரை ஏற்றி இறக்கி மட்டம் பார்த்துக்கொள்வேன்' என்று சொல்பவர்களுக்காக ஒரு சின்னக் கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர், முன் அச்சிலிருந்து பக்கெட் விளிம்பு 1.5 மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முன் சக்கரம் 5 செ.மீ. மேட்டில் ஏறினால், டிராக்டர் பின் அச்சை மையமாகக் கொண்டு நிமிர்கிறது. விளிம்பு உயர்வது 5 செ.மீ. அல்ல, கிட்டத்தட்ட 9 செ.மீ. பள்ளத்தில் இறங்கினால் அதே அளவு மண்ணுக்குள் போகும். அப்படி வெட்டிய பள்ளத்தில் கொஞ்ச நேரத்தில் முன் சக்கரமே வந்து இறங்கும். பக்கெட் இன்னும் ஆழமாகப் போகும். நிரவ வந்த இடம் அலை அலையாக ஆவது இப்படித்தான். எவ்வளவு தேர்ந்த கை என்றாலும் ஒவ்வொரு மேட்டுக்கும் பள்ளத்துக்கும் முன்கூட்டியே லிவரை அசைக்க முடியாது. ஃப்ளோட்டில் டிராக்டரின் மூக்கு ஆடினாலும் பக்கெட் தரையிலேயே கிடக்கும்.

ஆனால் ஃப்ளோட் செய்யாத இரண்டு விஷயங்களையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, எடை எங்கேயும் போய்விடுவதில்லை. பூம், பக்கெட், உள்ளே இருக்கும் மண் எல்லாம் சேர்ந்த எடையில் பெரும்பங்கு தரை மேல்தான் உட்காருகிறது. இரண்டு, பக்கெட் இடம் வலமாகச் சாயாது. பூமின் இரண்டு கைகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. டிராக்டர் ஒரு பக்கம் சரிந்தால் பக்கெட்டும் அதே பக்கம் சரிந்து ஒரு மூலையால் கீறும்.

உங்கள் லோடரில் ஃப்ளோட் இருக்கிறதா

ஜாய்ஸ்டிக்கின், அதாவது லோடர் லிவரின், பக்கத்தில் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள். பின்னால் இழுத்தால் ஏற்றம், முன்னால் தள்ளினால் இறக்கம், இடம் மடக்கு, வலம் கவிழ் என்பது பரவலான அமைப்பு. இறக்கத்துக்கும் அப்பால் இன்னொரு நிலை குறித்திருந்தால் அதுதான் ஃப்ளோட். மின்னணு ஜாய்ஸ்டிக் உள்ள சில டிராக்டர்களில் பட்டனை அழுத்தினால்தான் ஃப்ளோட் விழும். வலப்பக்கக் கடைசியிலும் ஒரு கூடுதல் நிலை இருக்கலாம். அது வேகமாகக் கவிழ்ப்பதற்கானது, ஃப்ளோட் அல்ல. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். பொதுவாக ஃப்ளோட் பூமுக்கு மட்டும்தான் உண்டு, பக்கெட் சாய்வுக்குக் கிடையாது.

டிராக்டரின் பின்பக்க வால்வுகளிலிருந்து லோடருக்கு ஆயில் எடுத்திருந்தால், அந்த வால்வில் ஃப்ளோட் நிலை இருக்கிறதா என்று கையேட்டைப் பார்க்க வேண்டும். எல்லா வால்விலும் இருக்காது. இல்லாத வால்வில் லிவரை இறக்கும் பக்கமே பிடித்துக்கொண்டு 'இதுவும் ஃப்ளோட் மாதிரிதான்' என்று ஓட்டுவது முன்பு சொன்ன அழுத்தும் ஆபத்தேதான்.

போடும் முறை

முதல் படி, இறங்கி நடந்து பார்ப்பது. வேலை செய்யப்போகும் தரையில் புதைந்த கல், மரக்கட்டை, வேர், சாக்கடை மூடி, கான்கிரீட் இணைப்பில் எழும்பிய விளிம்பு எதுவும் இருக்கிறதா என்று பாருங்கள். ஃப்ளோட் மேலும் கீழும் விட்டுக்கொடுக்கும். எதிரே நேராக முட்டினால் ஒரு அங்குலம்கூட விட்டுக்கொடுக்காது. கல்லில் விளிம்பு மாட்டினால் டிராக்டர் அங்கேயே நிற்கும், உங்கள் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் மோதும். அதனால் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் உள்ள டிராக்டரில் சீட் பெல்ட் கட்டாயம். பின்பக்கம் எதிர் எடையும் மாட்டியிருக்க வேண்டும். ஃப்ளோட்டில் ஓடும்போது அது பெரிதாகத் தேவைப்படாதுதான். ஆனால் அள்ளித் தூக்கும் நொடியில் தேவைப்படும்.

அடுத்தது, சாதாரண இறக்கத்தில் பக்கெட்டை மெதுவாகத் தரைக்கு ஒரு சாண் உயரம் வரை கொண்டுவந்து சாய்வைச் சரிபார்ப்பது. இருக்கையிலிருந்து பக்கெட்டின் அடித்தகடு தெரியாது. சில லோடர்களில் மட்டம் காட்டும் கம்பி ஒன்று சிலிண்டரோடு இருக்கும். இல்லையென்றால் ஒருநாள் கான்கிரீட் தரையில் பக்கெட்டை மட்டமாக உட்காரவைத்து, இருக்கையிலிருந்து தெரியும் ஏதாவது இரண்டு இடங்கள் எங்கே நேர்கோட்டில் வருகின்றன என்று பார்த்துப் பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

சாய்வு சரியானதும் பக்கெட்டைத் தரையில் மெதுவாக வையுங்கள். டயர் நிமிராமல் இருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு லிவரை முன்னால் தள்ளி, அந்த இறுக்கத்தைத் தயங்காமல் தாண்டி, 'டக்' என்று உட்காரவையுங்கள். இடையில் தயங்கி நின்றால் இறக்கும் நிலையில் அழுத்தம் கொடுத்துக்கொண்டிருப்பீர்கள், முன்பக்கம் எழும்பிவிடும். உட்கார்ந்ததும் கையை எடுத்துப் பாருங்கள். லிவர் அங்கேயே நின்றால் சரி.

இனி தாழ்ந்த கியரில், நடக்கும் வேகத்தில் நகருங்கள். முதல் சில அடிகளில் சிலிண்டர் ராடைக் கவனியுங்கள். தரைக்குத் தகுந்தபடி அது அரை அங்குலம், ஓர் அங்குலம் என்று உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருக்கும். அது அசையாமல் நின்றால் ஒன்று தரை உண்மையிலேயே மட்டம், அல்லது ஃப்ளோட் விழவில்லை.

வெளியே வர, லிவரை நியூட்ரலுக்கோ ஏற்றும் பக்கத்துக்கோ இழுத்தால் போதும். கூர்மையாகத் திரும்புவதற்கு முன்னும், ரோட்டில் ஏறுவதற்கு முன்னும் ஃப்ளோட்டை எடுத்துவிட்டுப் பக்கெட்டைத் தரையிலிருந்து தூக்கிவிடுங்கள்.

ஒரு கண்டிப்பான எச்சரிக்கை

பூம் உயரத்தில் இருக்கும்போது ஃப்ளோட் போடவே கூடாது. அந்த நொடியில் பூமைப் பிடித்திருக்க ஆயிலில் அழுத்தமே இருக்காது. பக்கெட், சுமை எல்லாம் அப்படியே விழும். நீங்கள் சுதாரித்து லிவரை இழுத்தால் அந்தத் திடீர் நிறுத்தம் ஹோஸையும் லோடரின் சட்டகத்தையும் உலுக்கும். இழுக்காவிட்டால் கீழே இருப்பது எதுவானாலும் நசுங்கும். அவசரத்தில் லிவரை முன்னால் வேகமாகத் தள்ளும் பழக்கம் இருந்தால் தெரியாமலே இந்த நிலைக்குள் போய்விடும். தூக்கிய பக்கெட்டை இறக்கும்போது லிவரைப் பாதிக்கு மேல் தள்ளாமல் பழகுங்கள். தூக்கிய பக்கெட்டின் கீழேயோ அருகிலோ யாரையும் நிற்கவிடாதீர்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

முன்னால் ஓட்டி வழிப்பது

கான்கிரீட் தரையில் சாணம் வழிக்க, சிந்திய எருவைக் கூட்டிச் சேர்க்க, பனி விழும் ஊர்களில் பனி தள்ள ஃப்ளோட்தான் முறை. அடித்தகடு மட்டமாக, அல்லது விளிம்பு ஒரு துளி மட்டும் கீழ்நோக்கி இருக்கட்டும். முன்னால் போகும்போது விளிம்புதான் முதலில் போகிறது. அது கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தால், ஃப்ளோட்டிலேயே இருந்தாலும் ஆப்பு மாதிரி மண்ணுக்குள் தன்னைத்தானே இழுத்துக்கொண்டு போகும். 'ஃப்ளோட் போட்டும் தோண்டுகிறதே' என்ற புகாருக்குப் பத்தில் ஒன்பது முறை காரணம் இந்தச் சாய்வுதான்.

ஜல்லி போட்ட பாதையில் சாணமோ பனியோ வழிக்க வேண்டுமென்றால் விளிம்பைக் கொஞ்சம் மேல்நோக்கி மடக்கிவிடுங்கள். பக்கெட் தன் அடிப்பகுதியின் பின்புறத்தில் சறுக்கிக்கொண்டு போகும், ஜல்லியை அள்ளாது.

ஓடும்போதே சாய்வை மாற்றலாம். ஃப்ளோட் பூமை மட்டும்தான் விடுவிக்கிறது, மடக்கும் சிலிண்டர்கள் வழக்கம்போல வேலை செய்யும். விளிம்பு மண்ணுக்குள் இறங்குவது போலத் தெரிந்தால் ஒரு தட்டு மடக்குங்கள், மேலே வந்துவிடும். மேலோட்டமாகப் போனால் ஒரு தட்டு கவிழ்த்துங்கள். லிவரை வலமோ இடமோ தள்ளும்போது பின்னால் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இழுத்தால் ஃப்ளோட் கழன்றுவிடும்.

குவியலில் அள்ளும்போதும் இது உதவும். தரையோடு ஒட்டி ஃப்ளோட்டில் போய்க் குவியலுக்குள் நுழையுங்கள். பக்கெட் பாதி நிறைந்ததும் மடக்கத் தொடங்கி, லிவரை ஏற்றும் பக்கம் இழுங்கள். குவியலின் அடியில் எதுவும் மிஞ்சாது, கீழே இருக்கும் மண்ணும் கலந்து வராது. எருவைச் சுத்தமாக எடுக்க விரும்புகிறவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

பின்னால் இழுத்து நிரவுவது

என் கணக்கில் ஃப்ளோட்டின் உண்மையான அருமை தெரிவது ரிவர்ஸில்தான். கொட்டிய ஜல்லியையோ தளர்ந்த மண்ணையோ சீராகப் பரப்ப இதைவிட எளிய வழி லோடரில் இல்லை.

ரிவர்ஸில் விளிம்பு கடைசியாக வருகிறது. அடித்தகடு முன்னால் போய், மண்ணை அமுக்கியும் தள்ளியும் நகர்கிறது. அதனால் முன்னால் ஓடும்போது தோண்டிய அதே சாய்வு இப்போது தோண்டாது. சாய்வை மூன்று விதமாக நினைத்துக்கொள்ளுங்கள். அடித்தகடு மட்டமாகக் கிடந்தால் அது மேற்பரப்பை இழைக்கும். கடைசி முறை ஓட்டுவதற்கு ஏற்றது. 30 முதல் 45 டிகிரி வரை கவிழ்த்தால் விளிம்பு சின்ன மேடுகளைச் சுரண்டி இழுத்து, பள்ளங்களில் விட்டுக்கொண்டே வரும். பெரும்பாலான வேலை இந்த நிலையில்தான் நடக்கும். இன்னும் அதிகமாகக் கவிழ்த்தால் நிறைய மண்ணை இழுக்கும். ஆனால் முழுக்கக் கவிழ்த்து இழுக்காதீர்கள். அப்போது சாய்வுச் சிலிண்டரின் ராடுகள் முழு நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும். ஒரு வேரோ கல்லோ மாட்டினால் ராடு வளையும். வளைந்த ராடு சீலையும் கெடுத்துவிடும். கவிழ்த்த பக்கெட்டோடு முன்னால் ஓட்டி முட்டினால் இதே கதிதான்.

குவியலின் மேல் ஏறி இழுக்காமல், பக்கெட்டை அதன் எதிர்ப்பக்கச் சரிவில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் பக்கம் இழுங்கள். ஒரே முறையில் மட்டம் வர வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒவ்வொரு இழுப்பிலும் முந்தைய தடத்தின் மேல் கால்வாசி அகலம் ஏறும்படி வாருங்கள். பக்கெட்டின் இரண்டு மூலைகளிலும் வரப்பு மாதிரி கோடு விழும், அதை அடுத்த இழுப்பு எடுத்துவிடும். நேர்வாக்கில் முடித்தபின் குறுக்குவாக்கில் ஒரு முறை இழுத்தால், டிராக்டர் பக்கவாட்டில் சரிந்து போன இடங்களின் குறை பெரும்பாலும் மறைந்துவிடும்.

பக்கெட் மேலோட்டமாகவே போகிறது, பிடிக்கவில்லை என்றால் அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். பக்கெட்டில் கொஞ்சம் மண்ணை அள்ளி வைத்துக்கொண்டு, அடித்தகட்டை மட்டமாக்கி, ஃப்ளோட்டில் இழுங்கள். எடை கூடும், அழுத்தம் சீராக இருக்கும், முன் சக்கரமும் தரையிலேயே இருக்கும். அதற்கும் அசையாத இறுகிய தரை என்றால் முதலில் கல்டிவேட்டர் விட்டுக் கிளறிவிட்டுப் பிறகு நிரவுங்கள்.

ரிவர்ஸில் போகும்போது கண் பின்னால் இருக்க வேண்டும், மனசோ பக்கெட்டில் இருக்கும். ஃப்ளோட்டின் இன்னொரு நன்மை இதுதான். பக்கெட் தன்னைத் தானே பார்த்துக்கொள்வதால் நீங்கள் நிம்மதியாகத் திரும்பிப் பார்த்து ஓட்டலாம்.

எங்கே வேண்டாம்

தோண்டுவதற்கும் மேட்டை வெட்டுவதற்கும் ஃப்ளோட் உதவாது. அது மேட்டின் மேல் ஏறித்தான் போகும், இருக்கும் வடிவத்தைப் பின்பற்றுவதுதான் அதன் குணம். ஈரமான, புதிதாக உழுத மண்ணிலும் வேண்டாம். எடை முழுக்க இறங்கிப் பக்கெட் புதைந்துவிடும். அங்கே பக்கெட்டைத் தரைக்குச் சற்று மேலே பிடித்து, லிவரை நுனி விரலால் அசைத்து ஓட்டுவதே சரி.

சரியாக வேலை செய்யாவிட்டால்

லிவர் ஃப்ளோட்டில் நிற்காமல் குதித்து வெளியே வந்தால், வால்வின் முனையில் லிவரைப் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங்கோ சிறு இரும்புக் குண்டோ தேய்ந்திருக்கலாம். அதற்கு முன் கேபிளையும் இணைப்புக் கம்பியையும் பாருங்கள். கேபிள் தளர்ந்திருந்தால் லிவர் முழுத் தூரம் போனாலும் வால்வு போகாது. ஜாய்ஸ்டிக்கின் ரப்பர் உறை மடங்கித் தடுப்பதும் உண்டு.

பூம் தயங்கித் தயங்கி அசைந்தால் அதன் மூட்டுகளில் இருக்கும் பின்களுக்கு கிரீஸ் வையுங்கள். காய்ந்த பின்களில் பூம் தரையைப் பின்தொடராது, சின்னப் பள்ளங்களைத் தாண்டிவிடும். இழுத்த தரையில் அடுக்கடுக்காகச் சின்ன அலை தெரிந்தால் வேகம் அதிகம். எப்போதும் ஒரே மூலை ஆழமாகக் கீறினால் முதலில் டயர்களின் காற்றை அளந்து பாருங்கள்; அது சரியென்றால் விளிம்பு ஒரு பக்கம் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஆயில் கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து அழுத்தத்தோடு வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். போனால் அது உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய காயம். அட்டைத் துண்டு ஒன்றைப் பிடித்துப் பாருங்கள்.

வேலை முடிந்ததும்

நிறுத்தும்போது பக்கெட்டைத் தரையில் மட்டமாக வைத்து, ஃப்ளோட் போட்டு, எஞ்சினை அணையுங்கள். ஹோஸைக் கழற்ற வேண்டியிருந்தால் எஞ்சின் அணைந்தபின் லிவரை எல்லாப் பக்கமும் இரண்டு மூன்று தடவை ஆட்டி, கடைசியில் மறுபடி ஃப்ளோட்டுக்குக் கொண்டுபோங்கள். லைனில் தங்கிய அழுத்தம் இறங்கிவிடும். மின்னணு ஜாய்ஸ்டிக் என்றால் சாவி ஆன் நிலையில் இருந்தால்தான் வால்வு அசையும். கையேட்டில் சொன்ன வரிசையைப் பின்பற்றுங்கள். அழுத்தத்தை இறக்காமல் கழற்றிய லோடர் வெயிலில் கிடந்தால், உள்ளே அடைபட்ட ஆயில் சூடாகி விரிந்து, ஹோஸை மாட்டும் கப்ளிங்கை இறுக்கிவிடும். மறுபடி மாட்டும் நாளில் எவ்வளவு அழுத்தினாலும் அது உள்ளே போகாது.